பிள்ளைகள் ஐந்து, படகு இரண்டு!

*அப்பாவுக்குப் பாய்மரப் படகு என்றால் உயிர். வீடு நிறையச் சின்னப் பிள்ளைகள். இரண்டையும் சேர்த்துப் பத்திரமாகக் கரையேறிய குடும்பங்களும் உண்டு, நடுக்கடலில் தத்தளித்த குடும்பமும் உண்டு. வித்தியாசம் எங்கே இருக்கிறது?*

ஐந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே கிளம்புவது லேசுப்பட்ட காரியமில்லை. ஒருத்திக்கு ஒரு கால் செருப்பைக் காணோம். ஒருவனுக்குக் கதவைப் பூட்டிய பிறகுதான் பாத்ரூம் வரும். இடுப்பில் இருப்பது சரியாகக் கிளம்பும் நேரம் பார்த்துத் தூங்கிவிடும். கடற்கரைக்குப் போய் மணலில் உட்கார்ந்துவிட்டு வருவதற்கே இந்தப் பாடு. இதில் வீட்டுப் பெரியவர் படகுப் பிரியராக இருந்து, "எல்லாரும் ஏறுங்க, பாயை விரிச்சு ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றால் எப்படி இருக்கும்?

1928 கோடையில் இங்கிலாந்தில் ஒரு டாக்டர் அப்படித்தான் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் படகும் வாங்கினார். அந்தக் கோடையின் கதை, குழந்தைகளோடு பாய்மரம் ஓட்ட நினைக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இன்றைக்கும் பாடம்.

டாக்டர் செய்த கணக்கு

எர்னஸ்ட் அல்தூனியன் சிரியாவின் அலெப்போ நகரில் மருத்துவர். ஆர்மீனியரான அவருடைய தந்தை அங்கே தொடங்கிய மருத்துவமனையில் வேலை. மனைவி டோரா, இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். எழுத்தாளரும் ஓவியருமான டபிள்யூ.ஜி. காலிங்வுட்டின் மகள். டோராவின் தாய்வீடு கோனிஸ்டன் ஏரிக்கரையில் இருந்தது. டாக்கி, சூசி, டிட்டி, ரோஜர், பிரிஜிட் என்று பிள்ளைகள் ஐந்து பேர். அந்த ஆண்டு தாய்வீட்டுப் பக்கம் லீவுக்கு வந்தபோது மூத்தவளுக்குப் பதினொரு வயது இருக்கும். ரோஜருக்கு ஐந்து. கடைக்குட்டிக்கு இரண்டு.

டாக்டருக்குப் பாய்மரத்தில் தீராத ஆசை. எல்லோரும் ஏறக்கூடிய ஒரு பெரிய படகை வாங்குவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் வாங்கியது இரண்டு சின்னப் படகுகள். ஒன்றின் பெயர் 'ஸ்வாலோ'. இன்னொன்று 'மேவிஸ்', டிட்டியின் இயற்பெயர்.

சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. பெரிய படகில் ஓட்டுபவர் ஒருவர்தான், மற்றவர்கள் பயணிகள். பயணியாக உட்கார்ந்த ஆறு வயதுப் பையனுக்குப் பத்து நிமிடத்தில் அலுத்துப்போகும், பதினைந்தாவது நிமிடத்தில் பக்கத்தில் இருப்பவளைக் கிள்ளுவான். சின்னப் படகில் யாருமே பயணி இல்லை. ஒருத்தி சுக்கானைப் பிடிக்க வேண்டும், ஒருத்தி பாய்க்கயிற்றைப் பிடிக்க வேண்டும், ஒருவன் படகின் முன்முனையான அணியத்தில் உட்கார்ந்து பாறை வருகிறதா என்று பார்க்க வேண்டும். படகு இரண்டானால் வேலையும் இரட்டிப்பாகிறது. சும்மா இருக்கும் கை குறைகிறது.

கற்றுக்கொடுப்பதில் டாக்டருக்குக் கைகொடுத்தவர் குடும்ப நண்பர் ஆர்தர் ரான்சம். ரஷ்யப் புரட்சி நடந்தபோது அங்கே இருந்து செய்தி அனுப்பியவர், லெனினைப் பேட்டி கண்டவர், ட்ராட்ஸ்கியின் செயலாளராக இருந்த எவ்கேனியாவை மணந்தவர். அப்படிப்பட்ட மனிதர் அந்தக் கோடையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கயிறு முடியச் சொல்லிக்கொடுத்தார். லீவு முடிந்து சிரியாவுக்குத் திரும்பும் முன் பிள்ளைகள் அவருக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு ஜோடி துருக்கிச் செருப்பு கொடுத்தார்கள். பதிலுக்கு அவர் எழுதிக் கொடுத்தது ஒரு நாவல். 1930-ல் வெளிவந்த 'ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்'. பிள்ளைகள் தாங்களே படகோட்டிப் போய் ஏரித் தீவில் கூடாரம் போடும் கதை. அதையும் சேர்த்து அந்த வரிசையில் பன்னிரண்டு புத்தகங்கள் வந்தன. பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படகுப் பக்கம் இழுத்ததில் அந்த வரிசைக்குப் பெரிய பங்கு உண்டு.

நாவலில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்: கைக்குழந்தை மற்றப் பிள்ளைகளோடு பாய்மரப் படகில் போவதில்லை, அம்மாவோடு இருக்கிறது. சாகசக் கதை எழுதும்போதும், யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பதில் ரான்சம் தெளிவாக இருந்தார்.

நிஜ ரோஜரின் பிற்காலம் தனிக்கதை. டாக்டரானார். ஆஸ்துமாக்காரர். ஒரு மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, மத்தியக் கிழக்கில் வளரும் ஒரு செடியில் கிடைக்கும் 'கெல்லின்' என்ற பொருளின் வழியில் உருவாக்கிய சேர்மங்களைத் தன் உடம்பிலேயே சோதித்தார். வேண்டுமென்றே ஒவ்வாமைப் பொருளை முகர்ந்து மூச்சிரைப்பை வரவழைத்து, எந்த மருந்து அதைத் தடுக்கிறது என்று வருடக்கணக்கில் பார்த்தார். அப்படிக் கிடைத்ததுதான் ஆஸ்துமா வராமல் தடுக்கும் சோடியம் குரோமோகிளிக்கேட். அந்தப் பொடியை உறிஞ்ச உருவான 'ஸ்பின்ஹேலர்' கருவிக்குள், நோயாளி இழுக்கும் மூச்சிலேயே ஒரு குட்டி விசிறி சுழன்று மருந்தைத் தூவும். போர்க்காலத்தில் விமானப்படையில் பறக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்; விமானத்தின் விசிறியை அறிந்த கை. அதற்கும் முன்னால், ஐந்து வயதில், காற்றை நம்பி ஏரியில் போன கை.

சாப்பாட்டு அறையில் தைத்த படகு

டாக்டருக்கு வசதி இருந்தது, ஏரிக்கரையில் மாமனார் வீடும் இருந்தது. மாதச் சம்பளக்காரர் என்ன செய்வார்? இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இந்தக் கேள்விக்கே இடமில்லை. பாய்மரப் படகு விளையாட்டு என்றால் பணக்காரர் விவகாரம். போருக்குப் பிறகு நிலைமையை மாற்றியது ஒரு சாதாரணப் பொருள்: தண்ணீரில் பிரியாத பசையால் ஒட்டிய பிளைவுட்.

1949-ல் பிரிட்டனில் ஜாக் ஹோல்ட் என்ற வடிவமைப்பாளர் ஜி.பி.14 என்ற பதினான்கு அடிப் படகைக் கொண்டுவந்தார். பெயரிலேயே 'பொதுப் பயன்' என்பது அடக்கம். பாய் விரிக்கலாம், துடுப்புப் போடலாம், சின்ன இன்ஜின் மாட்டலாம். வார நாளில் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏரி என்று வாழ்பவர்களுக்கான படகு.

அடுத்த பாய்ச்சல் 1963-ல் நடந்தது. பிரிட்டன் தொலைக்காட்சியில் வீட்டு மராமத்து வேலைகளைச் செய்து காட்டிப் பிரபலமான பேரி பக்னெல், அதே ஜாக் ஹோல்ட்டோடு சேர்ந்தார். 'டெய்லி மிரர்' நாளிதழ் ஆதரவு கொடுத்தது. பத்தே முக்கால் அடிக்குச் சற்றே கூடுதலான 'மிரர்' படகு பிறந்தது. பாயின் நிறம் நாளிதழின் சிவப்பு. வெட்டிய பலகைகளும் பாகங்களும் ஒரு பெட்டியில் வரும். விலை 63 பவுண்டு 11 ஷில்லிங்.

அதைக் கட்டும் முறைதான் அழகு. தச்சு வேலை தெரிந்திருக்க வேண்டாம். இரண்டு பலகைகளின் விளிம்போரம் வரிசையாகச் சின்னத் துளைகள் போடுவார்கள். இரண்டையும் ஒட்டி வைத்துத் துளைகள் வழியே செம்புக் கம்பியைக் கோப்பார்கள். வெளியே நீட்டும் கம்பி முனைகளைக் குறடால் முறுக்கினால் பலகைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, தட்டையாகக் கிடந்த பிளைவுட் கண்ணெதிரே வளைந்து படகின் வயிறாகும். இணைப்பின் மேல் கண்ணாடி நார்ப் பட்டையை வைத்து ரெசின் தடவி இறுகவிட வேண்டும். வெளியே துருத்தும் கம்பியை வெட்டி எறிந்தால் முடிந்தது. கம்பி கோக்கச் சின்ன விரல்தான் வசதி என்பதால் பிள்ளைகளுக்கும் இதில் வேலை இருந்தது. கராஜ் இல்லாதவர்கள் சாப்பாட்டு மேஜையை நகர்த்திவிட்டு வீட்டுக்குள்ளேயே கட்டினார்கள். பாய்மரமும் கட்டைகளும் படகின் நீளத்துக்குள் அடங்கிவிடும். எல்லாவற்றையும் கார் கூரையில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

எழுபதாயிரத்துக்கு மேல் மிரர் படகுகள் கட்டப்பட்டன. குடும்பத்தோடு கூடிக் கட்டிய படகில் ஒரு லாபம் இருக்கிறது. அது அப்பாவின் படகாக இருப்பதில்லை. எந்த இணைப்பில் தான் கம்பி கோத்தோம் என்று ஏழு வயதுப் பெண் காட்டுவாள். அவள் அந்தப் படகில் ஏறும்போது விருந்தாளி இல்லை.

கவிழ்வதே முதல் பாடம்

படகைக் குடும்ப அளவுக்குக் குறைத்தது பிரிட்டன் என்றால், குழந்தை அளவுக்கே குறைத்தது அமெரிக்கா. 1947-ல் ஃப்ளோரிடாவின் கிளியர்வாட்டரில் மேஜர் கிளிஃபோர்ட் மெக்கே என்பவருக்கு ஒரு யோசனை. ஊர்ப் பையன்கள் மரப்பெட்டியில் சக்கரம் மாட்டிச் சரிவில் பந்தயம் விடுகிறார்கள். அதையே தண்ணீரில் செய்தால் என்ன? 'ஆப்டிமிஸ்ட்' என்ற சேவைச் சங்கத்தில் பேசினார். ஒரு படகுக்கு 50 டாலருக்கு மேல் ஆகக்கூடாது. படகு கட்டுபவரான கிளார்க் மில்ஸ் எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் பலகை இரண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அணியத்தைக் கூராக்கினால் எட்டடிப் பலகை போதாது, மொண்ணையாகவே விட்டுவிட்டார். குளியல் தொட்டி மாதிரி இருக்கிறது என்று இன்றுவரை கேலி செய்கிறார்கள். ஆனால் அந்த மொண்ணை மூக்கோடுதான் அது உலகம் சுற்றுகிறது.

ஆப்டிமிஸ்ட் படகின் நீளம் சுமார் 2.3 மீட்டர். உடல் எடை 35 கிலோ. ஒரே பாய், ஒரே சுக்கான், ஓட்டுபவர் ஒரே பிள்ளை. பதினைந்து வயது வரை இதில் போட்டியிடலாம். இன்று ஒலிம்பிக்கில் பாய்மரம் ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தத் தொட்டியில் தொடங்கியவர்கள்தான்.

இந்தப் படகில் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று, கவிழ்வது. ஆழமில்லாத தண்ணீரில் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, படகை வேண்டுமென்றே சாய்க்கச் சொல்வார்கள். தண்ணீருக்குள் போன பிள்ளை தலை தூக்கியதும், 'நான் நன்றாக இருக்கிறேன்' என்பதற்கு அடையாளமாகத் தலைமேல் கையை வைத்துக் காட்ட வேண்டும். படகை விடாமல் பிடித்தபடி மறுபக்கம் நீந்தி வந்து, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையைப் பிடித்துத் தன் எடையை அதன்மேல் போட வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு நனைந்த பாய் தண்ணீரை விட்டு மெதுவாகக் கிளம்பும், படகு சட்டென்று நிமிரும். உள்ளே ஏறினால் பாதிப் படகு தண்ணீர். கயிற்றில் கட்டித் தொங்கும், அடி வெட்டிய பிளாஸ்டிக் கேனால் மொண்டு மொண்டு வெளியே ஊற்ற வேண்டும். காற்றுப் பைகள் கட்டியிருப்பதால் படகு மூழ்காது. இதை நாலைந்து முறை செய்த பிள்ளைக்கு அதன் பிறகு கவிழ்வது விபத்தில்லை, வேலை.

பெற்றோர்களுக்குத்தான் இந்தப் பாடம் கஷ்டம். பயிற்சியின்போது கரையில் நின்று கத்துவது பெரும்பாலும் அவர்கள்தான்.

ஒன்பது பிள்ளைகள், ஒரே கட்டளை

அமெரிக்காவின் கென்னடி குடும்பத்தில் பிள்ளைகள் ஒன்பது பேர். தாய் ரோஸ் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை போட்டுப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். யாருக்கு எப்போது அம்மை குத்தியது, யாருக்கு எந்த நோய் வந்துபோனது, செருப்பு அளவு என்ன, எல்லாம் அதில் இருக்கும். மாசசூசெட்ஸின் ஹயனிஸ் போர்ட் கடற்கரை வீட்டில் கோடைதோறும் அத்தனை பேரும் பாய்மரம் ஓட்டினார்கள். 1932-ல் வாங்கிய 25 அடி 'விக்டுரா', ஜானின் பதினைந்தாவது பிறந்தநாள் பரிசு. அந்த ஜான்தான் பின்னாளில் ஜனாதிபதியான ஜான் எஃப். கென்னடி.

தந்தை ஜோசப் கென்னடிக்குப் படகைவிட வெற்றியில்தான் ஆசை. பிள்ளைகளின் பந்தயத்தை இன்னொரு படகில் இருந்து பார்ப்பார்; தோற்றால் எங்கே கோட்டைவிட்டார்கள் என்று இரவுச் சாப்பாட்டின்போது விசாரணை நடக்கும். அந்த வளர்ப்பு என்ன கொடுத்தது, என்ன எடுத்துக்கொண்டது என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் அடுத்த தலைமுறையில் ஒரு மாற்றம் தெரிகிறது. ஜானின் தம்பி ராபர்ட் கென்னடிக்குப் பதினொரு பிள்ளைகள். அண்ணன்கள் மறைந்த பிறகு கடைசித் தம்பி எட்வர்ட், தன் பிள்ளைகளோடு அண்ணன் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வருடக்கணக்கில் கடலுக்குப் போனார். அப்பாக்களை இழந்த அந்தப் பிள்ளைகளுக்குப் படகு கோப்பை வாங்கும் இடமாக இல்லை, சித்தப்பாவோடு இருக்கும் இடமாக இருந்தது. ஒரே குடும்பம், ஒரே கடல். படகை எதற்காக எடுக்கிறோம் என்பது மட்டும் மாறியிருந்தது.

ஆசை பெரிதாகி, படகும் பெரிதானால்

எல்லாக் கதையும் ஏரிக்கரையில் சுபமாக முடிவதில்லை. டூகல் ராபர்ட்சன், முன்னாள் வணிகக் கப்பல் அதிகாரி, பிறகு இங்கிலாந்தில் பால் பண்ணைக்காரர். மனைவி லின் நர்ஸ். மகள் ஆன், மகன் டக்ளஸ், இரட்டையர்கள் நீல், சாண்டி. உலகைச் சுற்றும் படகுப் பந்தயம் பற்றிய செய்தியைக் கேட்டபோது, அப்பாவும் மாலுமிதானே, நாமும் ஏன் சுற்றக்கூடாது என்று பிள்ளை கேட்டது பொறியானது. பண்ணையை விற்று 'லூசெட்' என்ற 43 அடிப் பழைய பாய்மரக் கப்பலை வாங்கினார்கள். 1971 ஜனவரியில் ஃபால்மவுத்தில் இருந்து கிளம்பினார்கள். மூத்த மகள் வழியில் இறங்கிக்கொண்டாள். பனாமாவில் ஒரு மாணவர் சேர்ந்துகொண்டார்.

1972 ஜூன் 15. காலாபகோஸ் தீவுகளுக்கு மேற்கே பசிபிக் கடலில் கொலைத் திமிங்கலங்கள் மோதின. சில நிமிடங்களில் லூசெட் மூழ்கியது. ஆறு பேரும் ரப்பர் மிதவைக்கு மாறினார்கள். இரண்டு வாரம் தாண்டி அதுவும் போனது. மிச்சம் ஒன்பதரை அடிச் சின்னப் படகு 'எட்னமேர்'. அதில் ஆறு பேர். மழைநீரைப் பிடித்தார்கள், ஆமையைப் பிடித்து உண்டார்கள். டூகலின் கடல் அனுபவமும் லின்னின் மருத்துவ அறிவும்தான் பிள்ளைகளின் உயிரைப் பிடித்து வைத்தன. 38-வது நாள், ஜூலை 23, ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்று அவர்களைப் பார்த்தது. அத்தனை பேரும் பிழைத்தார்கள். எட்னமேர் இப்போது ஃபால்மவுத் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ராபர்ட்சனைப் பொறுப்பற்றவர் என்று தள்ளிவிட முடியாது. பொறுப்பு இல்லாதவரால் முப்பத்தெட்டு நாள் தாங்கியிருக்க முடியாது. ஆனால் டாக்டர் அல்தூனியன் தன் ஆசையைப் பிள்ளைகளின் அளவுக்கு இறக்கினார். ராபர்ட்சன் பிள்ளைகளைத் தன் ஆசையின் அளவுக்கு ஏற்றினார். ஏரியில் கவிழ்ந்தால் கரை கண்ணுக்குத் தெரியும். பசிபிக்கில் கவிழ்ந்த பிள்ளைக்கு இறங்கிக்கொள்ளும் உரிமை இல்லை. 'வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்' என்று பிள்ளை சொன்னால் அரைமணி நேரத்தில் திரும்ப முடிகிற தூரத்தில்தான் குடும்பப் பொழுதுபோக்கு நடக்க வேண்டும். அதற்கு அப்பால் போனால் அது பொழுதுபோக்கு இல்லை, பயணம். அதற்கான நியாயங்கள் வேறு.

யாருடைய ஞாயிற்றுக்கிழமை?

இன்னொரு விஷயத்தை யாரும் எழுதுவதில்லை. படகு அப்பாவின் ஆசை என்றால், படகுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் அம்மாவின் கூடுதல் வேலை நாள். இட்லியும் தயிர்சாதமும் கட்டுவது, ஐந்து ஜோடி மாற்றுடை, ஐந்து துண்டு, வாந்திக்குப் பை, வெயிலுக்குத் தொப்பி. திரும்பி வந்ததும் உப்பு ஊறிய துணியை அலசுவது. அப்பா காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

இதற்குத் தீர்வு படகிலேயே இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை என்ற சட்டம் கரையிலும் செல்ல வேண்டும். கயிறு சுருட்டத் தெரிந்த பிள்ளைக்குத் தன் துண்டை மடிக்கவும் தெரியும். முக்கியமாக, படகு யாருடைய ஆசையோ அவர்தான் சாப்பாட்டுப் பையையும் கட்ட வேண்டும். சுக்கானை அம்மாவும் பிடிக்கப் பழகினால் இன்னும் நல்லது. பிள்ளைகளை ஏற்றிய படகில் ஓட்டத் தெரிந்த பெரியவர் ஒருவர் மட்டும் இருப்பது ஆபத்து. அவருக்கே ஏதாவது ஆனால் மற்றவர்களைக் கரைசேர்க்க ஆள் வேண்டுமே.

ஏறும் முன் ஐந்து

லைஃப் ஜாக்கெட்: 'வளர்ந்தாலும் ஆகட்டும்' என்று பெரிய சைஸ் வாங்குவது பள்ளிச் சீருடைக்குச் சரி, இதற்கு ஆகாது. எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குத் தொடைகளுக்கு நடுவே பட்டி மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே போகும், பிள்ளை கீழே நழுவும். முதலில் நீச்சல் குளத்தில் போட்டுப் பாருங்கள்.

தலை: பாயின் அடியில் குறுக்கே ஓடும் கட்டை, படகு திரும்பும்போது சட்டென்று மறுபக்கம் வீசும். படகில் அதிகம் அடி வாங்கித் தருவது இதுதான். 'தலை!' என்று ஒருவர் கத்தினால் எல்லோரும் குனிய வேண்டும். கரையிலேயே விளையாட்டாகப் பழக்கிவிடலாம்.

காற்று: அங்கங்கே வெள்ளை நுரை தெரியத் தொடங்கினால் காற்று மணிக்குச் சுமார் 12 முதல் 19 கிலோமீட்டர். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே எல்லை. பார்க்கும் இடமெல்லாம் நுரை என்றால் அன்றைக்குக் கரையில் பட்டம் விடுங்கள்.

நேரம்: நனைந்த குழந்தையின் உடல்சூடு பெரியவர்களுடையதைவிட வேகமாக இறங்கும், நம்மூர் வெயிலில்கூட. முதல் நாள் அரைமணி போதும். பிள்ளைக்கு 'இன்னும் கொஞ்சம்' என்று இருக்கும்போதே கரைக்குத் திரும்புங்கள். அடுத்த வாரம் அதுவே முதலில் கிளம்பி நிற்கும்.

எண்ணிக்கை: பெரியவர் ஒருவருக்கு நீந்தத் தெரியாத பிள்ளை ஒன்றுக்கு மேல் வேண்டாம். மற்றவர்கள் கரையில் முறை காத்திருக்கட்டும்.

சென்னைத் துறைமுகத்தில் சின்னப் பாய்கள்

நம் கரையில் பாய்மரம் புதிதில்லை. கட்டுமரமும் வள்ளமும் ஓட்டிய அப்பாக்கள், பத்து வயதில் பிள்ளையைக் கூட்டிப்போய்க் கொண்டலையும் வாடையையும் முதுகில் உணரக் கற்றுக்கொடுத்த கரை இது. அது பிழைப்பு. பொழுதுபோக்காகப் பாய் விரிப்பது இங்கே நெடுநாள் துரைமார் சமாசாரமாகவே இருந்தது. சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் தொடங்கியது 1911-ல்.

நிலைமை மாறியதற்கு அடையாளம் டோக்கியோ ஒலிம்பிக். பாய்மரப் போட்டிகளில் இந்தியாவில் இருந்து போன நால்வருக்கும் தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. சென்னைப் பெண் நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். 2009-ல் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடை முகாமில் சேர்ந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயதுகூட நிரம்பவில்லை; அதற்கு முன் பரதநாட்டியம், டென்னிஸ் என்று பலதையும் தொட்டுப் பார்த்திருந்தார். கே.சி. கணபதியும் வருண் தக்கரும் ஒரே படகில் போன சென்னை ஜோடி. வருணின் தந்தை சென்னைப் படகு வட்டாரத்தில் நன்கு அறியப்பட்டவர். வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணனின் தந்தை ராணுவத்தில் இருந்தவர். அவரும் பாய்மர வீரர். விஷ்ணு 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார். ஆக, பெற்றோரின் ஆசை பிள்ளையிடம் போவதும் உண்டு. முகாமில் தானாகத் தொற்றுவதும் உண்டு. இரண்டுக்கும் பொது ஒன்றுதான்: சின்ன வயதில், சின்னப் படகில், சுக்கான் பிள்ளையின் கையில் இருந்தது.

எல்லாப் பிள்ளையும் ஒலிம்பிக் போகாது, போகவும் வேண்டாம். ஐந்தில் ஒன்றுக்குத் தண்ணீரே பிடிக்காமல் போகலாம். அதைக் கரையில் நண்டு பிடிக்க விட்டுவிடுங்கள். ஒன்றுக்கு வாந்தி வரும். படகின் நடுவில் உட்காரவைத்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அப்படியும் நிற்காவிட்டால் திரும்பிவிடுங்கள். மிச்சம் இருப்பவர்களில் யாராவது ஒருத்திக்கு அது பிடித்துப்போகும். சில வருடங்களில் உங்களைவிட நன்றாக ஓட்டுவாள், உங்கள் தவறைச் சுட்டிக்காட்டவும் செய்வாள். அன்றைக்கு அணியப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, அவள் சொல்லும் கயிற்றை இழுக்கும் மனது இருக்கிறதா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் படகைத் தனியாகவே ஓட்டுங்கள், தப்பில்லை.

இருக்கிறது என்றால், கோடை முகாமில் பிள்ளையைச் சேர்த்துவிட்டுக் கரையில் செல்போனோடு உட்காராமல் நீங்களும் ஏதாவது ஒரு வகுப்பில் சேருங்கள். பிறகு சேர்ந்து போகும் நாட்களில், துறைக்குத் திரும்பும் கடைசி நூறு மீட்டரைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள். படகு வளைந்து நெளிந்துதான் வரும். வரட்டும்.